ஈ, தா, கொடு

கேள்வி: சேலத்துக்கு ஸ்மார்ட் சிட்டி, குடிநீர், வீட்டு மானியம் என்று மத்திய அரசு கோடிக்கணக்கில் கொடுக்கிறது. ஆனால் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் வேலை முடித்து இரவு எட்டு மணிக்கு வந்தால் எங்கள் பக்கம் போக டவுன் பஸ் கிடைப்பதில்லை. வீட்டுக்காரர் தறி நெய்கிறார். வாடகை வீடுதான். கொடுக்கிறவர்கள் கொடுத்தும் எங்களுக்கு வந்து சேராததற்கு யார் காரணம்?
— ஒரு வாசகி, அம்மாபேட்டை

பதில்: அம்மா, உங்கள் கேள்வியில் 'கொடு' மூன்று முறை வருகிறது. அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. மத்திய அரசா, ஒன்றிய அரசா என்று பெயர்ச்சொல்லுக்குச் சண்டை போட நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு வினைச்சொல்தான் கவலை.

ஒன்றைக் கேட்பதற்குத் தொல்காப்பியர் மூன்று சொல் வைத்திருக்கிறார். உயர்ந்தவரிடம் கேட்பவன் 'ஈ' என்பான். சமமானவரிடம் கேட்பவன் 'தா' என்பான். தனக்குக் கீழே இருப்பவரிடம் கேட்பவன் 'கொடு' என்பான். இன்றைக்கு நாம் எல்லாரிடமும் 'குடுங்க' என்றே கேட்கிறோம். ஆனால் ஒரு மாநகராட்சி டெல்லியிடம் பணம் கேட்கும்போது கையும் முதுகும் வளைகிற வளைவைப் பாருங்கள், அது சுத்தமான 'ஈ'. இரண்டு அரசுகளுக்கு நடுவே இருக்கவேண்டியது 'தா'. உங்களைப் போன்றவர்கள் வாயில் வரவேண்டியதோ 'கொடு'தான், தொல்காப்பியர் சொன்ன அதே பொருளில். ஏனென்றால் பணம் உங்களுடையது.

எப்படி என்று கேட்பீர்கள். பெட்ரோல் பங்குக்கு வாருங்கள். 2022 மே மாதம் வரியைக் குறைத்தபின் ஒரு லிட்டர் பெட்ரோலில் டெல்லிக்குப் போன வரி 19 ரூபாய் 90 காசு. அதில் மாநிலங்களோடு பங்குபோட வேண்டியது 1 ரூபாய் 40 காசு மட்டும். மீதி எல்லாம் செஸ், கூடுதல் தீர்வை என்ற பெயரில், மாநிலங்களோடு பங்குபோடும் பொதுப் பானைக்கே வராமல் போய்விட்டது. பானைக்குள் விழுவதில் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து என்றது, 2021 முதல் 2026 வரைக்குமான பங்கை வகுத்த 15ஆவது நிதிக்குழு. அந்த 41இல் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதமாக இருந்தது. அதாவது பானையில் நூறு ரூபாய் இருந்தால் நமக்கு வந்தது ஒரு ரூபாய் 67 காசு. அதற்கப்புறம் நகரங்களுக்கென்று அதே குழு சொன்ன தனி மானியம் வந்தது. பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள சேலம் மாதிரி ஊர்களில் அதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவழிக்க முடிந்தது. மீதி 40ஐ உள்ளூர்த் தேவைக்கு எடுக்கலாம், ஆனால் சம்பளத்துக்குத் தொடக்கூடாது என்றிருந்தது. நம் பணம் டெல்லி வரை போய், நிபந்தனையோடு திரும்பி வருகிறது. அதைக் கொடை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, உங்கள் எட்டு மணி பஸ்ஸுக்கு வருகிறேன்.

2016 செப்டம்பரில் சேலம் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் சேர்ந்தது. ஓர் ஊருக்கு டெல்லி 500 கோடி வரை, அதே அளவு இங்கிருந்தும் போடவேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. பழைய பஸ் ஸ்டாண்டு இருந்த இடத்தில் 96 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் ஈரடுக்கு பஸ் ஸ்டாண்டு எழுந்தது, 2023இல் திறந்தார்கள். நல்ல கட்டடம். ஆனால் அந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாமே தவிர, அதிலிருந்து கிளம்பும் பஸ்ஸுக்கு டீசல் போட முடியாது, கண்டக்டருக்குச் சம்பளம் தர முடியாது. 2021 மே முதல் உங்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, அந்தக் காசை மாநில அரசு போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டுகிறது. மனம் நிறைந்து வரவேற்ற திட்டம் அது. ஆனால் வராத பஸ்ஸில் இலவசமாக எப்படிப் போவது? 2023இல் அறிவித்த மின்பேருந்துத் திட்டத்தில் பஸ் ஓட்டுவதற்கும் பத்தாண்டு உதவி என்று டெல்லி எழுதியிருக்கிறது. கட்டினால் மட்டும் போதாது, ஓட்டவும் வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அந்தப் புத்தி எல்லாத் திட்டத்துக்கும் வேண்டும்.

ஐந்து ரோடு மேம்பாலத்தை நான் பழித்தேன் என்று 2020 முதல் என்னோடு பேசாமல் இருக்கும் நண்பர் ஒருவர் இதைப் படிப்பார். அவருக்காக மறுபடியும் எழுதுகிறேன். 441 கோடி ரூபாய், ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம், முழுக்க மாநிலத்துப் பணம். ஆகவே டெல்லியை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தப் பாலத்தின் மேல் எந்த டவுன் பஸ்ஸும் ஆள் ஏற்ற நிற்காது, நடந்து போகிறவருக்கு அங்கே வேலையே இல்லை. பஸ்ஸை நம்பி இருப்பவருக்கு அந்தத் தொகையில் என்ன வந்தது என்றுதான் அன்றும் கேட்டேன், இன்றும் கேட்கிறேன்.

'யார் காரணம்' என்கிறீர்களே, அதற்குக் காலண்டரைப் பார்க்கவேண்டும். சேலம் பட்டியலில் சேர்ந்தது 2016 செப்டம்பரில். மறுமாதமே மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். ஐந்து வருஷத்துக்கு மேலாக அறுபது வார்டுக்கும் கவுன்சிலர் கிடையாது. எந்தத் தெருவைத் தோண்டுவது, எதைக் கட்டுவது என்று தீர்மானித்த காலம் முழுவதும் அதிகாரிகளும் அதற்கென்று தொடங்கிய கம்பெனியும்தான் இருந்தார்கள். எட்டு மணிக்கு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்ல அந்த மேஜையில் ஆள் இல்லை. இதற்கு டெல்லி, சென்னை இரண்டு இடத்திலும் பொறுப்பு உண்டு, எனக்குக் கோபமும் உண்டு.

வீட்டு விஷயம் இன்னும் வலிக்கிறது. 2015இல் வந்த பிரதமர் வீட்டுத் திட்டத்தில் சொந்த இடத்தில் கட்டுவோருக்கு டெல்லி ஒன்றரை லட்சம், மாநிலம் அறுபதாயிரம், ஆக 2 லட்சத்து 10 ஆயிரம் என்று கொடுத்தார்கள். சொந்த மனையும் பட்டாவும் இருந்தால் அது பெரிய உதவி. மனை இல்லாமல் வாடகைக்கு இருப்பவர் அந்த வரிசையிலேயே நிற்க முடியாது. இன்னொரு வழி அடுக்குமாடி. ஏழைகளுக்கான வீடு 30 சதுர மீட்டர் வரை என்பது அந்த 2015 திட்டம் வைத்த அளவு, ஏறக்குறைய 320 சதுர அடி. உங்கள் வீட்டுக்காரர் நெய்வது குழித்தறி என்றால், மூன்றாவது மாடியில் குழியை எங்கே தோண்டுவது? கால் இறங்க மண் வேண்டும், மிதிக்கு ஆழம் வேண்டும், பாவு நீட்டத் தெரு வேண்டும். தறிக்காரருக்கு வீடுதான் பட்டறை. குகை, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று தறிக்காரர்கள் இருக்கும் நம் ஊர்ப் பகுதிகளில் ஒரு நாள் நடந்து பார்த்தவர் அந்த அளவை எழுதியிருக்க மாட்டார். தறி வைக்கத் தரைத்தளம், குடியிருக்க மேல்தளம் என்று ஒரு வரைபடம் போட முடியாதா? வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. அதை நெய்கிறவருக்குக் குழி தோண்ட இடம் கேட்கிறோம்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. நகரத்துக்கு எவ்வளவு என்று பிரிக்கும்போது தலையை எண்ணுகிறார்கள். நம் தலையைக் கடைசியாக எண்ணியது 2011இல், 8 லட்சத்து 29 ஆயிரம். அதற்கப்புறம் பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள், கணக்கில் இன்னும் வரவில்லை. ஏற்காட்டின் நிலை இதைவிட மோசம். அங்கே ஞாயிற்றுக்கிழமை ஏறி வருகிறவர்களின் குப்பை, கழிப்பறை, தண்ணீர் எல்லாம் மலைமேல் இருக்கும் ஊராட்சியின் தலையில். வந்து போகிறவர்களை எந்தக் கணக்கெடுப்பும் எண்ணுவதில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டிப் போய்க் காட்சிமுனையில் படம் எடுக்கிறோம். உள்ளே இருக்கும் மலைக்கிராமத்துப் பெண் மிளகு மூட்டையோடு பஸ்ஸுக்கு நிற்பதையும் ஒருமுறை நின்று பாருங்கள். உங்களுக்கு எட்டு மணி என்றால் அவருக்கு மதியமே கவலை தொடங்கிவிடும்.

2022 முதல் வார்டுதோறும் மக்கள் கூடித் தங்கள் தேவையைச் சொல்லப் பகுதி சபை என்று ஒன்று சட்டப்படி இருக்கிறது. அந்த வருஷம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் முதல் கூட்டம் போட்டார்கள். உங்கள் வார்டில் அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் கேட்டு, பட்டறையில் உங்களோடு வேலை செய்யும் பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். எட்டு மணி பஸ், தறி வைக்கிற வீடு, இரண்டையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதிய நகலை எனக்கு அனுப்புங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.