ஜிம்பாப்வேயும் அண்டை நாடுகளும் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

2017இல் காம்பியாவில், தேர்தலில் தோற்ற யாஹ்யா ஜாமே பதவியை விட மறுத்தபோது மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் படையோடு வந்து அவரை வெளியேற்றின. 2008இல் ஜிம்பாப்வேயில் அதிபர் முகாபே அதைவிடக் கொடுமையாக நடந்துகொண்டார். சுற்றியிருந்த நாடுகள் கைகட்டி நின்றன. அங்கே நடந்தது அவர்களுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் அக்கறை இல்லையா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

நன்றாகவே தெரியும். 2002 தேர்தலின்போதே தென்னாப்பிரிக்க அதிபர் தாபோ எம்பெக்கி தம் நாட்டு நீதிபதிகள் இருவரை ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேக்கு அனுப்பினார். அது சுதந்திரமாகவும் நியாயமாகவும் நடந்த தேர்தல் அல்ல என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். தென்னாப்பிரிக்க அரசு அந்த அறிக்கையைப் பூட்டி வைத்துவிட்டது. ஒரு பத்திரிகை ஆண்டுக்கணக்கில் வழக்காடி 2014இல்தான் அதை வெளியே கொண்டுவந்தது.

2008க்கு வருவோம். வாக்குப்பதிவு மார்ச் 29. அதிபர் தேர்தல் முடிவை அறிவித்தது மே 2. எதிர்க்கட்சித் தலைவர் மோர்கன் ஸ்வாங்கிராய்க்கு 47.9 சதவீதம், முகாபேக்கு 43.2. யாருக்கும் பாதி கிடைக்காததால் ஜூன் 27இல் இரண்டாம் சுற்று. இடைப்பட்ட வாரங்களில் எதிர்க்கட்சிக்கு வாக்களித்த கிராமங்களில் அடி, கொலை, தீவைப்பு. ஸ்வாங்கிராய் போட்டியிலிருந்து விலகி நெதர்லாந்து தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார்; எதிராளி இல்லாத இரண்டாம் சுற்றில் முகாபே வென்றார். முடிவு வராமல் நாடே காத்திருந்த ஏப்ரலில், சமரசம் பேச வந்த எம்பெக்கி ஹராரேயில் முகாபேயோடு கைகோத்து நின்று, நெருக்கடி ஒன்றுமில்லை என்றார்.

இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம், விடுதலைப் போர்த் தோழமை. எனக்கு இது பாதிதான் சரியாகப் படுகிறது. அறுபதுகளில் எம்பெக்கியின் கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் வீரர்கள் தோளோடு தோள் நின்று போரிட்டது ஜிம்பாப்வேயின் இன்னொரு விடுதலைக் கட்சித் தலைவர் ஜோஷுவா என்கோமோவின் ஆட்களோடு; முகாபேயின் கட்சியோடு அல்ல. உண்மையான பயம் வேறு. ஸ்வாங்கிராய் தொழிற்சங்கத் தலைவராக இருந்து அரசியலுக்கு வந்தவர். விடுதலை வாங்கித் தந்த கட்சியை ஒரு தொழிற்சங்கக்காரர் வாக்குப்பெட்டியில் தோற்கடிக்கலாம் என்றால், அந்த ஆசை, விடுதலைக் கட்சிகளே ஆண்ட தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்குக்கும் மொசாம்பிக்கின் மபூட்டோவுக்கும் பரவ எத்தனை நாளாகும்?

எதிர்த்துப் பேசியவர்கள் யார் என்று பாருங்கள். ஆப்பிரிக்கத் தென்பகுதி நாடுகளின் கூட்டமைப்பான சாடெக்கின் (SADC) அவசர மாநாட்டை லுசாக்காவில் கூட்டியவர் ஜாம்பிய அதிபர் லெவி முவனவாசா. அவருடைய கட்சியே 1991இல் ஒரு தொழிற்சங்கத் தலைவரை முன்னிறுத்தி விடுதலைத் தலைவர் கவுண்டாவைத் தோற்கடித்த கட்சி. முகாபேயின் வெற்றியை ஏற்க மறுத்த போட்ஸ்வானாவில் ஆயுதப் போர் வழியே ஆட்சிக்கு வந்த கட்சி எதுவும் இல்லை. முகாபேயின் தோல்வியில் தங்கள் தோல்வியைக் காணாத அரசுகளால்தான் வாய்திறக்க முடிந்தது. அரசுகளுக்கு முன்னால் காரியத்தில் இறங்கியவர்கள் டர்பன் துறைமுகத் தொழிலாளர்கள். ஜிம்பாப்வேக்கு ஆயுதம் ஏற்றிவந்த சீனக் கப்பலிலிருந்து சரக்கை இறக்க மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். அண்டை நாட்டின் அக்கறை என்று நான் மதிப்பது அதைத்தான்.

காம்பியாவோடு ஒப்பிடுவது சரிவராது. மூன்று பக்கமும் செனகல் சூழ்ந்த சின்ன நாடு அது. ஜாமேயின் படை மிகச் சிறியது. அவர் போனால் நாளை நமக்கும் இதுதான் என்று நடுங்க அருகில் யாரும் இல்லை. ஜிம்பாப்வே கடலில்லாத நாடுதானே, தென்னாப்பிரிக்கா ரயிலை நிறுத்தினால் போதாதா என்று கேட்கலாம். போதும்தான். 1976இல் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் பிரதமர் ஃபோர்ஸ்டர் சரக்குப் போக்குவரத்தை இறுக்கியே, அன்று ரொடீசியா எனப்பட்ட ஜிம்பாப்வேயின் வெள்ளையர் அரசுப் பிரதமர் இயன் ஸ்மித்தை வழிக்குக் கொண்டுவந்தார்! எம்பெக்கி அந்தப் பிடியைத் தொடவில்லை. நாடு குலைந்தால் எல்லையைத் தாண்டி இன்னும் லட்சக்கணக்கானோர் வருவார்கள் என்பது அவர் தரப்பு. அந்த மே மாதமே ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்ஸாண்ட்ராவில் தொடங்கி, அயல்நாட்டவர்களைத் தேடித் தேடித் தாக்கினார்கள். அறுபதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். எனவே அந்தக் கவலை பொய்யல்ல. ஆனால் மக்களை ஓடவைத்ததே முகாபேயின் ஆட்சிதான்.

ஒரு இடத்தில் மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை. முழுக்கவும் கைகட்டி நிற்கவில்லை. தேர்தலுக்கு முன் எம்பெக்கி நடத்திய பேச்சுவார்த்தையில் ஒரு சின்னத் திருத்தம் சட்டமானது: ஒவ்வொரு வாக்குச்சாவடியின் வாசலிலும் அந்தச் சாவடியின் முடிவை எழுதி ஒட்ட வேண்டும். எதிர்க்கட்சி ஆட்கள் அந்தத் தாள்களைப் படம்பிடித்துக் கூட்டிப் பார்த்துவிட்டார்கள். முகாபே முந்தினார் என்று அறிவிக்க முடியாமல் போனதற்கு அந்தத் தாள்கள் பெரிய காரணம். எம்பெக்கியின் மொத்த சமரசத்திலும் நான் உருப்படியாகக் கருதுவது இது ஒன்றைத்தான். 2009 பிப்ரவரியில் ஸ்வாங்கிராயைப் பிரதமராக்கிய கூட்டணி ஆட்சி உடன்பாடு, முதல் சுற்றில் தோற்ற முகாபேயை அதிபராகவே வைத்துக்கொண்டது.

இன்றும் பெரிய மாற்றமில்லை. 2023 ஆகஸ்ட் தேர்தலில் கூட்டமைப்பின் கண்காணிப்புக் குழுவே, சில அம்சங்கள் ஜிம்பாப்வேயின் அரசியல் சட்டத்துக்கே பொருந்தவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. குழுவின் தலைவர் நெவர்ஸ் மும்பா ஜாம்பியாக்காரர். ஆளுங்கட்சி அவரையும் அவரை அனுப்பிய ஜாம்பிய அதிபரையும் வசைபாடியது. முகாபேக்குப் பின் அதிபரான எம்மர்சன் மனங்காக்வாவின் பதவியேற்புக்குப் போன சொற்ப அதிபர்களில் தென்னாப்பிரிக்காவின் ராமபோசாவும் மொசாம்பிக்கின் நியூசியும் இருந்தார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் அதே கூட்டமைப்பு ஹராரேயில் கூடி, அதே மனங்காக்வாவைத் தன் தலைவராக அமர்த்திக்கொண்டது.