2147483647 என்ற எண்ணுக்குக் கணிதத்தில் ஏதாவது சிறப்பு உண்டா, இல்லை வெறும் கம்ப்யூட்டர் எண்தானா?

பி.எஸ்சி. மேத்ஸ் படித்தவனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. நீங்கள் புரோகிராமிங் கற்றுக்கொண்டிருப்பீர்கள், இன்ட் என்ற முழு எண் மாறியில் வழக்கமாக அடங்கும் மிகப் பெரிய எண் இதுதான், இதோடு 1 கூட்டியதும் மைனஸில் ஏதோ வந்து மிரட்டியிருக்கும். சரிதானே?

கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இது பிரபலம். 2-இன் 31-ஆம் அடுக்கில் 1 குறைவு. இப்படி 2-இன் அடுக்கில் 1 குறைவாக வரும் பகா எண்ணுக்கு மெர்சென் பகா எண் என்று பெயர். இது பகா எண்தான் என்று 1772-இல் கணித மேதை ஆய்லர் நிரூபித்தார், அதுவும் பார்வை ஏறக்குறைய போய்விட்ட நிலையில். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அறியப்பட்ட பகா எண்களில் இதுதான் பெரியது.

ஒரு ஐடி கம்பெனி இன்டர்வியூவில் (பெயர் வேண்டாம்) இன்ட்டின் உச்ச மதிப்பைக் கேட்டார்கள். சொல்லிவிட்டு, "இது பகா எண் சார்" என்றும் சேர்த்துச் சொன்னேன். "அப்படியா, நிரூபிங்க பார்ப்போம்" என்றார் ஒருவர், இளக்காரமாக. மார்க்கரை எடுத்தேன்.

இதன் வர்க்கமூலம் 46,341-ஐத் தொடாது. அதுவரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், ஆனால் அவையே கிட்டத்தட்ட 4,800. இங்கேதான் ஆய்லரின் சாமர்த்தியம். இதற்குப் பகாக் காரணி ஒன்று இருந்தால், அதை 62-ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும். 8-ஆல் வகுக்க 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால் 248n+1, 248n+63 என்ற வடிவங்கள் மட்டுமே மிஞ்சும். 249 பகா எண் இல்லை, 3-ஆல் வகுபடும். முதல் ஆள் 311. அதற்கடுத்து 1303 வரை யாருமே கிடையாது! மொத்தமே நூறுக்கும் குறைவு. போர்டில் 311-ஆல் வகுத்தேன், மீதி 35.

"போதும் போதும். ஏன் பி.இ. பண்ணல?" என்றார்.

இன்னொன்று: இதை 2-இன் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128. தன்னைத் தவிர்த்த வகுஎண்களைக் கூட்டினால் தானே திரும்ப வரும் செவ்விய எண்.

"இதெல்லாம் ஒரு பெரிய எண்ணா, 2024-இல் கண்டுபிடித்ததில் 4 கோடி இலக்கத்துக்கு மேல் இருக்கே" என்று கமெண்ட் போட வருபவர்களுக்கு: தெரியும் ஐயா. 2-இன் 136279841-ஆம் அடுக்கில் 1 குறைவு. அதுவும் மெர்சென் வகையறாதான். அதைப் பேப்பரில் வகுத்துக் காட்டுங்கள், பார்க்கிறேன். பி.இ. படித்தவர்களைக் குறை சொல்வதாகவும் நினைக்க வேண்டாம், என் தங்கையே பி.இ.தான்.

அந்த வேலை கிடைக்கவில்லை. இன்றைக்கும் விளம்பரங்களில் "பி.இ., பி.டெக். மட்டும்" என்றுதான் போடுகிறார்கள். மூன்று வருஷம் எண்ணியலும் இயற்கணிதமும் படித்தவனுக்கு ஒரு ஃபார் லூப் எழுத வராதா என்ன?