மத்தியானம் ஆனதும் செயற்கைக் கால் ஏன் குத்துகிறது?

கேள்வி: எனக்கு வயது 44. விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து எட்டு மாதம் ஆகிறது. பின் லாக் வைத்த செயற்கைக் கால் போட்டு மூன்று மாதம். காலையில் கச்சிதமாக இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் ஆட ஆரம்பித்து, அடியில் குத்துகிறது. தாங்க முடியாமல் கழற்றி மூலையில் வைத்துவிடுகிறேன். கால் அளவு தவறா, இல்லை எனக்குத்தான் பொறுமை போதவில்லையா? ராத்திரியில் இல்லாத பாதம் வேறு வலிக்கிறது. அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

பதில்: உங்கள் பொறுமையில் ஒரு குறையும் இல்லை. அந்த எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். காலின் அளவும் அடியோடு தவறாக இருக்க வாய்ப்புக் குறைவு. தவறாக இருந்திருந்தால் காலையிலேயே குத்தியிருக்கும். செயற்கைக் கால் காலையிலும் மாலையிலும் ஒரே அளவுதான். மாறுவது அதற்குள் இருக்கும் உங்கள் கால்.

மிச்சமிருக்கும் அந்தப் பகுதியை ஸ்டம்ப் என்போம். அறுவைக்குப் பிறகு அதில் வீக்கம் இருக்கும். முதல் சில மாதங்களில் வீக்கமும் வடியும், வேலையில்லாத தசையும் மெலியும். அது ஓரளவு நிலைப்பட ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம்கூட ஆகும். இது போக, ஒரே நாளுக்குள்ளும் அளவு மாறும். நடக்க நடக்க, சாக்கெட்டின், அதாவது செயற்கைக் காலில் ஸ்டம்ப் போய் உட்காரும் கிண்ணத்தின், அழுத்தத்தில் சதையில் தேங்கிய நீர் மேலே தள்ளப்பட்டு ஸ்டம்ப் கொஞ்சம் சுருங்கும். சுருங்கியதும் சாக்கெட்டுக்குள் இறங்கும்.

இறங்கினால் ஏன் குத்துகிறது என்றால், சாக்கெட் உங்கள் எடையை அடிமுனையில் வாங்கும்படி செய்யப்பட்டதல்ல. முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநார், சுற்றியுள்ள சதை, இவைதான் எடையைத் தாங்க வேண்டும். எலும்பு மேடிட்டிருக்கும் இடங்களுக்கு உள்ளே பள்ளம் விட்டிருப்போம். ஸ்டம்ப் அரை அங்குலம் இறங்கிவிட்டால் மேடும் பள்ளமும் இடம் மாறிவிடும். வெட்டிய எலும்பின் முனை அடியில் போய் முட்டும். உங்களைக் குத்துவது அதுதான்.

இதற்கு வைத்தியம் ஸ்டம்ப் சாக்ஸ். காலோடு உங்களுக்கும் சில ஜோடி கொடுத்திருப்பார்கள். பலரும் அதைக் குளிருக்குப் போடுவது என்று நினைத்துப் பையிலேயே வைத்திருக்கிறார்கள். 1 ப்ளை, 3 ப்ளை, 5 ப்ளை என்று தடிமன் வாரியாக வரும். சுருங்கிய அளவை இதை வைத்து ஈடுகட்ட வேண்டும். உங்கள் லைனர், அதாவது ஸ்டம்பில் மாட்டும் மெத்தென்ற உறை, நேராகத் தோலின் மேல் இருக்க வேண்டும். சாக்ஸ் லைனருக்கு வெளியே வரும். சாக்ஸின் அடியில் உள்ள துளை வழியாகப் பின், அதாவது லைனரின் நுனியிலிருந்து நீண்டு லாக்கில் பூட்டிக்கொள்ளும் கம்பி, முழுதாக வெளியே தெரிய வேண்டும். சாக்ஸின் ஓரம் பின்னோடு சேர்ந்து லாக்கில் சிக்கிக்கொண்டால் காலைக் கழற்றுவதே பெரும்பாடு.

எப்போது சேர்ப்பது? வலி வந்த பிறகு அல்ல, தளர்ந்ததுமே. அதைக் கண்டுபிடிக்கக் காதை நம்புங்கள். காலையில் போட்டுக்கொண்டு எழுந்து நின்று எடையை இறக்கும்போது பின் எத்தனை முறை 'டிக்' என்கிறது என்று எண்ணுங்கள். ஐந்து என்று வைத்துக்கொள்வோம். பத்து மணிக்குக் கழற்றிப் போடும்போது ஏழு 'டிக்' கேட்டால் ஸ்டம்ப் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். 1 ப்ளை சேர்த்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். ஐந்துக்குத் திரும்பும் வரை ஒவ்வொரு ப்ளையாகத்தான் கூட்ட வேண்டும்.

அளவுக்கு மீறிப் போட்டாலும் தொல்லைதான். ஸ்டம்ப் முழுதாக உள்ளே போகாது, பின் ஒன்றிரண்டு 'டிக்'கோடு நின்றுவிடும், செயற்கைக் கால் நீளமாகிவிட்டது போல இடுப்பு ஒரு பக்கம் தூக்கும். அடியில் வெற்றிடம் விழுந்து, நுனித் தோல் நாளடைவில் கறுத்துத் தடித்துவிடும். இதை நான் வலியைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் ஆரம்பத்தில் இது வலிக்காது.

என்னிடம் வந்த ஓர் அம்மா மூன்று வாரமாக வலியோடு நடந்துகொண்டிருந்தார். சாக்கெட்டின் அடியில் சுண்டைக்காய் அளவு களிமண் உருண்டை ஒன்றைப் போட்டு, காலை மாட்டி நாலு அடி நடக்கச் சொன்னேன். எடுத்துப் பார்த்தால் உருண்டை அப்பளம் மாதிரி தட்டையாகி, அதில் சாக்ஸின் நெசவுகூடப் பதிந்திருந்தது. 3 ப்ளை சேர்த்ததும் அடுத்த உருண்டையில் லேசான குழி மட்டும் விழுந்தது. அந்த இரண்டு உருண்டைகளையும் உள்ளங்கையில் வைத்து அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இவ்வளவு நாளும் என் மனசுதான் சரியில்லைன்னு நெனச்சேன்" என்றார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவர்தான் நினைவுக்கு வந்தார்.

சாக்ஸ் கூடிக்கொண்டே போய் மொத்தம் பத்து ப்ளையை நெருங்கினால் அதற்கு மேல் சமாளிக்க வேண்டாம். சாக்கெட் மாற்ற வேண்டிய நேரம் அது. முதல் சாக்கெட் ஒரு வருடத்துக்குள் பெரிதாகிப்போவது எல்லோருக்கும் நடப்பதுதான்.

இன்னொன்று, கழற்றி மூலையில் வைக்கிறீர்களே, அதன் பிறகு ஸ்டம்புக்கு என்ன போடுகிறீர்கள்? ஒன்றும் போடாவிட்டால் சாயங்காலம் முழுக்க அது வீங்கும். கால் போடாத நேரமெல்லாம், தூங்கும்போதும், ஷ்ரிங்கர் சாக்ஸ் என்ற இறுக்கமான உறையைப் போட்டுக்கொள்ளுங்கள். உட்காரும்போது முழங்காலை நீட்டி வையுங்கள். முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பது சுகமாக இருக்கும். ஆனால் மடங்கிய நிலையிலேயே மூட்டு இறுகிவிட்டால் பிறகு எந்தச் செயற்கைக் காலும் சரியாக நடக்க விடாது.

கழற்றியவுடன் தோலைப் பாருங்கள், அடிப்பக்கத்துக்கு ஒரு கைக்கண்ணாடி வேண்டும். பத்து நிமிடத்தில் மறையும் சிவப்பு பரவாயில்லை. மறையாவிட்டால் அங்கே அழுத்தம் அதிகம். கருநிறத் தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. புறங்கையை வைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சுடும். கொப்புளமோ தோல் உரிதலோ இருந்தால் ஆறும் வரை கால் போடக் கூடாது, பிடிவாதம் வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் மற்ற பாதத்தையும் தினமும் பாருங்கள். ஸ்டம்பையும் லைனரையும் ராத்திரியில் மென்மையான சோப்பால் கழுவுங்கள். காலையில் கழுவி ஈரத்தோடு லைனர் போட்டால் தோல் ஊறிப் புண்ணாகும். ஸ்டம்பில் முடி மழிக்காதீர்கள்.

இல்லாத பாதத்தின் வலி கற்பனை அல்ல. அமெரிக்க மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல் 1871-லேயே இதற்குப் பெயர் வைத்து எழுதியிருக்கிறார். பாதம் போனாலும் மூளையில் அதற்கான இடம் போவதில்லை. 1990-களில் நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் கண்ணாடியை வைத்து ஒரு பயிற்சியைக் கொண்டுவந்தார். இரண்டு கால்களுக்கும் நடுவே நீளமான கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடியே பாதத்தை மெல்ல அசைக்க வேண்டும். இழந்த கால் அசைவதாக மூளை எடுத்துக்கொள்ளும். தினம் 15 நிமிடம், சில வாரம் செய்து பாருங்கள். எல்லோருக்கும் கேட்பதில்லை, ஆனால் கேட்டவர்களுக்கு நல்ல ஆறுதல். தூக்கம் கெடுகிற அளவு வலித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நரம்பு வலிக்கென்று தனி மருந்துகள் உண்டு. ராத்திரியைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன்: ஊன்றுகோலைக் கை எட்டும் தூரத்தில் வையுங்கள். தூக்கக் கலக்கத்தில் இரண்டு காலும் இருக்கும் நினைப்பில் எழுந்து விழுபவர்கள் அதிகம்.

வேலைக்கு முதல் நாளே எட்டு மணி நேரம் என்று ஆரம்பிக்காதீர்கள். இப்போது வலியில்லாமல் எவ்வளவு நேரம் போட முடிகிறதோ, அதிலிருந்து தினம் அரை மணி கூட்டுங்கள். தோல் சரியாக இருந்தால் மட்டும். வேலை இடத்தில் சாக்ஸ் மாற்றக் கதவு பூட்டும் ஓர் அறையும் உட்கார ஒரு நாற்காலியும் வேண்டும் என்று இப்போதே கேட்டு வையுங்கள். அங்கே படி இருந்தால் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில்.

அதற்குள் கால் செய்து கொடுத்தவரை ஒருமுறை பாருங்கள். பத்து நாளாவது எந்த மணிக்கு எத்தனை ப்ளை, எத்தனை 'டிக்' என்று குறித்து எடுத்துப் போங்கள்; அது கையில் இருந்தால் சாக்கெட்டின் எந்த இடத்தைத் திருத்துவது என்று அவருக்குச் சீக்கிரம் பிடிபடும். வேலைக்குப் போடப்போகிற ஷூவையே போட்டுக்கொண்டு போங்கள். குதி உயரம் மாறினால் காலின் சாய்வும் மாறிவிடும், வேறு செருப்பில் வைத்து அவர் செய்யும் திருத்தம் வேலை இடத்தில் உதவாது.