ஃப்ரீநாஸ் எங்கே போனது? ஸ்டூடியோவுக்கு இப்போது எதைப் போடலாம்?

கேள்வி: மதுரையில் சின்ன ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படங்களைச் சேமிக்க, எல்லாக் கணினிகளும் நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் பழைய ஃப்ரீநாஸ் சேமிப்புப் பெட்டி (நாஸ்) ஒன்று ஓடுகிறது. இப்போது தேடினால் அந்தப் பெயரையே காணோம். ட்ரூநாஸ், ஓபன்மீடியாவால்ட், சிக்மாநாஸ் என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். இவற்றில் எது உண்மையான வாரிசு? எதற்கு மாறுவது?

பதில்:

மூன்றுமே வாரிசுதான். பாகம் பிரித்தபோது பெயர் ஒருவருக்குப் போனது, பழைய வீடு இன்னொருவருக்குப் போனது, வீடு கட்டத் தெரிந்த ஆள் மூன்றாமவரோடு போய்விட்டார்.

2005இல் ஒலிவியே கோஷார்-லாபே என்ற பிரெஞ்சுக்காரர் ஃப்ரீநாஸைத் தொடங்கினார். எம்0என்0வால் என்ற ஃபயர்வால் மென்பொருள் அப்போது ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மீது ஓடிக்கொண்டிருந்தது. பிரவுசரில் திறந்து நிர்வகிக்கும் அதன் பக்கத்தையும், எல்லா அமைப்பையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் வைக்கும் முறையையும் எடுத்து, ஃபயர்வாலுக்குப் பதில் டிஸ்க் பகிர்வைச் சேர்த்தார். பென்டிரைவில் போட்டு, மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரைச் சர்வராக்கிவிடலாம். விண்டோஸ் கணினிகளோடு பேசும் வேலையை, ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் எழுதத் தொடங்கிய சாம்பா என்ற மென்பொருள் பார்த்துக்கொண்டது. இன்றைக்கும் அதுதான் பார்க்கிறது. மூன்று வாரிசுகளில் எதைத் திறந்தாலும் உள்ளே சாம்பா இருக்கும்.

2009 வாக்கில் பிரிவு வந்தது. ஃப்ரீநாஸில் முக்கியப் பங்கு வகித்த ஃபோல்கர் டைலே, அடுத்த வடிவத்தை டெபியன் லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தின் மேல் எழுதலாம் என்றார். அது தனியாகப் பிரிந்து 2011இல் ஓபன்மீடியாவால்டாக வந்தது. ஃப்ரீநாஸ் என்ற பெயரை ஐஎக்ஸ்சிஸ்டம்ஸ் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஃப்ரீபிஎஸ்டியை விடாமல், மேல் பகுதியை மட்டும் முழுக்கத் திருப்பி எழுதி 2011இல் ஃப்ரீநாஸ் 8 என்று வெளியிட்டது. பழைய 0.7 நிரலைக் கைவிட மனமில்லாதவர்கள் அதையே நாஸ்4ஃப்ரீ என்று தொடர்ந்தார்கள். 2018இல் அது சிக்மாநாஸ் ஆனது.

சரி, டெபியனா ஃப்ரீபிஎஸ்டியா என்பதில் இவ்வளவு என்ன இருக்கிறது? காரணம் இசட்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005இல் நிரலைத் திறந்துவிட்ட இந்தக் கோப்பு முறையின் உரிமம், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் ஜிபிஎல் உரிமத்தோடு ஒத்துப்போகவில்லை. ஃப்ரீபிஎஸ்டிக்கு அந்தச் சிக்கல் இல்லை. நல்ல நாஸ் என்றால் ஃப்ரீபிஎஸ்டி என்று பல வருடம் பேசியது அதனால்தான்.

ஸ்டூடியோக்காரர்களுக்கு இசட்எஃப்எஸ் ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இருக்கும் தகவலின் மேலேயே அது எழுதாது. புது இடத்தில் எழுதி முடித்த பிறகுதான் பழையதை விடும். காப்பி ஓடும்போது கரண்ட் போனால் அந்தக் கடைசிக் கோப்பு பாதியில் நிற்கலாம், மற்றவை குலையாது. (யூபிஎஸ் வேண்டாம் என்று அர்த்தமில்லை.) ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் (தகவல் மாறியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) வைத்துக்கொள்வதால், டிஸ்க் பொய் சொன்னாலும் பிடித்துவிடும். நான் பார்த்துக்கொள்ளும் ஓர் இடத்தில் மாதாந்திர ஸ்க்ரப் (டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும் வேலை) ஓடியபோது ஒரு டிஸ்க்குக்கு நேரே மட்டும் செக்சம் பிழை ஏறிக்கொண்டே போனது. டிஸ்க் போச்சு, புதுசு வாங்கணும் என்று முதலாளி முடிவே கட்டிவிட்டார். டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் கெட்ட செக்டர் எதுவும் இல்லை, கேபிள் வழியில் வந்த பிழைகளை எண்ணும் சிஆர்சி எண் மட்டும் கூடியிருந்தது. அப்படியென்றால் பெரும்பாலும் கேபிள்தான். சாட்டா கேபிளை மாற்றினேன், அடுத்த ஸ்க்ரப் சுத்தமாக முடிந்தது. கெட்டுப்போன துண்டுகளை அதே தகவலின் பிரதி இருக்கும் ஜோடி டிஸ்க்கிலிருந்து எடுத்து அதுவே சரிசெய்து வைத்திருந்தது. ஆல்பம் போடுகிற பையன்களுக்கு எதுவும் தெரியவே தெரியாது.

அப்புறம் ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைப்பது. "அண்ணே, முகூர்த்த ஃபோல்டரைக் காணோம்ணே" என்று போன் வந்தால், விண்டோஸில் அந்த ஷேர் மேல் ரைட் கிளிக் செய்து ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ் பார்க்கச் சொல்வேன். ஸ்னாப்ஷாட் மணிக்கொரு முறை எடுக்கும்படி வைத்திருந்தால், காலையில் இருந்த ஃபோல்டர் அங்கேயே இருக்கும்.

ஐஎக்ஸ்சிஸ்டம்ஸ் பக்கம் நடந்ததும் நேர்கோடு இல்லை. 2017 மார்ச்சில் ஃப்ரீநாஸ் கோரல் என்று எல்லாவற்றையும் மாற்றி வெளியிட்டு, சில வாரங்களிலேயே திரும்பப் பெற்றார்கள். 2020இல் ஃப்ரீநாஸும் அவர்களுடைய வணிகப் பதிப்பான ட்ரூநாஸும் ட்ரூநாஸ் என்ற ஒரே பெயருக்குள் வந்தன. அதே ஆண்டு இசட்எஃப்எஸ்ஸின் திறந்த நிரல் வடிவமான ஓபன்இசட்எஃப்எஸ் 2.0 வந்து, லினக்ஸுக்கும் ஃப்ரீபிஎஸ்டிக்கும் ஒரே நிரல் என்றானது. அதோடு ஃப்ரீபிஎஸ்டியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய பெரிய காரணம் போய்விட்டது. 2022இல் டெபியன் மீதான ட்ரூநாஸ் ஸ்கேல் வந்தது. இன்று புதிய வேலையெல்லாம் அந்தப் பக்கம்தான். டைலே 2009இல் சொன்ன இடத்துக்கு, சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை: பெட்டியில் 8 ஜிபி ரேம் இருந்தால் ட்ரூநாஸ். ராஸ்பெரி பை போன்ற சின்னப் பலகையில், இஎக்ஸ்டி4 என்ற சாதாரண லினக்ஸ் கோப்பு முறையில் உள்ள டிஸ்க்கோடு ஓட்டுவதென்றால் ஓபன்மீடியாவால்ட். சிக்மாநாஸ் நல்ல மென்பொருள்தான், பழைய பெட்டியிலும் ஓடும். ஆனால் நாளை நீங்கள் கூப்பிடும் ஆளுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. எதைப் போட்டாலும் அதற்குள் ஆப்ஸ் எதுவும் நிறுவாதீர்கள். ஸ்கேலில் முதலில் குபெர்னெட்டிஸ் என்ற அமைப்பின் மீது ஆப்ஸை ஓட்டினார்கள், 2024இல் டாக்கர் என்ற வேறொன்றுக்கு மாற்றினார்கள். வெறும் சேமிப்புக்கு வைத்திருந்தவர்களை அது தொடவே இல்லை.

மாற்றுவதற்கு முன் எல்லாப் படங்களையும் வேறு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். பழைய பெட்டியில் இசட்எஃப்எஸ் பூல் (டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பாக்கிய தொகுப்பு) இருந்தால் அதை எக்ஸ்போர்ட் செய்து, ட்ரூநாஸில் இம்போர்ட் செய்தால் போதும். பூலை மேம்படுத்தச் சொல்லும் பட்டனை உடனே அழுத்தாதீர்கள், அழுத்திவிட்டால் பழைய பதிப்பில் அந்தப் பூல் திறக்காமல் போகலாம். பழைய ஃப்ரீநாஸில் கெலி என்ற ஃப்ரீபிஎஸ்டி குறியாக்க முறையில் பூட்டிய டிஸ்க் என்றால் லினக்ஸ் படிக்காது, ஃப்ரீபிஎஸ்டியில் திறந்துதான் காப்பி எடுக்க வேண்டும். 0.7 காலத்து யூஎஃப்எஸ் (ஃப்ரீபிஎஸ்டியின் பழைய கோப்பு முறை) டிஸ்க் என்றால் சிக்மாநாஸை ஒரு பென்டிரைவில் போட்டு, அதில் டிஸ்க்கை மாட்டிக் காப்பி எடுங்கள். எது என்று தெரியவில்லையா? பழைய பெட்டியின் டிஸ்க் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக் கருத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.