காண்ட் கொடுத்த வாக்கு

கேள்வி: கடவுள் இல்லாமல் ஒழுக்கம் நிற்குமா? தத்துவவாதி காண்ட் கிறிஸ்தவர்தானே?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: பக்தியில் ஊறிய லூத்தரன் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. ஆனாலும் கடமை எதுவென்று அறிய, பகுத்தறிவே போதும் என்றார். நல்லவன் கடைசியில் நன்றாக இருப்பான் என்று நம்பத்தான் கடவுள் வேண்டுமாம். முன்வாசலில் அனுப்பியவரைக் கொல்லைப்புறமாகக் கூப்பிடுவதுபோல் எனக்குப் படும்.

1793-இல் மதம் பற்றிப் புத்தகம் போட்டார். மறுவருடமே அவருடைய நாடான பிரஷ்யாவின் மன்னரிடமிருந்து கண்டனம். ‘மாட்சிமை தங்கிய தங்களின் விசுவாசமுள்ள குடிமகனாக’ இனி மதம் பற்றிப் பேசமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தார். 1797-இல் மன்னர் இறந்தார். ‘தங்களின்’ என்றுதானே சொன்னேன், அவரே போய்விட்டாரே என்று 1798-இல் மறுபடி எழுதிவிட்டார்!

உயிரைக் காப்பாற்றக்கூடப் பொய் கூடாது என்றவர் இவர். என் ஞாயிறு பள்ளி டீச்சரிடம் இந்தச் சாக்கு செல்லாது.