துணை ஆளுநர் தேர்தல்: வர்ஜீனியாவை முன்வைத்துக் கேள்வி பதில்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 2025 நவம்பர் 4 அன்று நடந்த துணை ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் கசாலா ஹாஷ்மி, குடியரசுக் கட்சியின் ஜான் ரீடை வென்றார். அதிலிருந்து இந்தப் பதவி பற்றிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. இம்மாநிலத் தேர்தல்களை நெடுநாளாகக் கவனித்து வருகிறவன் என்ற முறையில், தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன். படிப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள்: பதவியின் பெயர் எல்லா மாநிலங்களிலும் ஒன்றுதான், அதிகாரம் ஒன்றல்ல. ஒரு மாநில வழக்கத்தை இன்னொன்றின் மேல் ஏற்றிப் பேசாதீர்கள்.

புதுச்சேரி வாசகர்: எங்கள் துணைநிலை ஆளுநரைப் போன்றவர்தானா இவர்? அவருக்கு எதற்குத் தேர்தல்?

இல்லை. உங்கள் துணைநிலை ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசோடு அவர் முரண்பட்டால் என்ன ஆகும் என்பதைக் கிரண் பேடி, நாராயணசாமி காலத்தில் பார்த்திருப்பீர்கள். வர்ஜீனியாவில் ஆளுநர்தான் அரசின் தலைவர். நம் முதலமைச்சரின் இடத்தில் அவரை வைத்துப் பாருங்கள். அவரையும் துணை ஆளுநரையும் மக்களே நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள்.

ரிச்மண்ட் வாசகி: இந்த ஊரிலேயே குடியிருக்கிறேன். ஆனாலும் துணை ஆளுநருக்கு என்ன வேலை என்று தெரியவில்லை. அலங்காரப் பதவி என்கிறாரே என் கணவர்?

உங்கள் கணவரிடம் 2012, 2014 ஆண்டுகளின் கதையைச் சொல்லுங்கள். மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான வர்ஜீனியா செனட்டில் 40 உறுப்பினர்கள். துணை ஆளுநர் அந்த அவையின் தலைவர். வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தால் மட்டும் அவர் வாக்களிக்கலாம். ஆளுநர் பதவி காலியானால் அந்த இடத்துக்கு வருகிறவரும் அவரே. ஆண்டுச் சம்பளம் 36,321 டாலர். காகிதத்தில் இவ்வளவுதான்.

2011 தேர்தலில் செனட் 20க்கு 20 என்று நின்றது. துணை ஆளுநராக இருந்த பில் போலிங் குடியரசுக் கட்சிக்காரர். அவருடைய ஒரு வாக்கினால் அவையின் விதிகளும் குழுத் தலைமைகளும் அவர் கட்சியின் கைக்குப் போயின. ஆனால் பட்ஜெட் வந்தபோது அந்த வாக்கு செல்லவில்லை. அதற்கு அவை உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். துணை ஆளுநர் உறுப்பினர் அல்லர். பட்ஜெட் முட்டுக்கட்டையில் நின்றது.

2013இல் ஜனநாயகக் கட்சியின் ரால்ஃப் நார்தம் துணை ஆளுநர் ஆனார். அவர் காலி செய்த செனட் தொகுதியின் இடைத்தேர்தலில் அதே கட்சியின் லின்வுட் லூயிஸ் மறு எண்ணிக்கையில் 11 வாக்கு வித்தியாசத்தில் தப்பித்தார். மறுபடியும் 20க்கு 20. இம்முறை நார்தமின் வாக்கு இருந்ததால் 2014 ஜனவரியில் அவையின் கட்டுப்பாடு கைமாறியது. ஜூனில் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஒருவர் விலகியதும் திரும்பவும் மாறியது. பள்ளிக்கு நிதி, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் தீர்மானிக்கும் குழுக்களை யார் நடத்துவது என்பது துணை ஆளுநரின் கட்சியைப் பொறுத்திருந்தது. இதை அலங்காரம் என்று எப்படிச் சொல்வது?

இப்போது செனட்டில் ஜனநாயகக் கட்சிக்கு 21, எதிர்க்கட்சிக்கு 19. ஒரே ஓர் இடம் மாறினால் ஹாஷ்மியின் வாக்குதான் எல்லாம்.

ஆஷ்பர்ன் வாசகர்: கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். மாநிலத் தேர்தல்தானே, வாக்களிக்கலாமா?

கூடாது. குடியுரிமை பெற்றவர்கள் மட்டுமே வாக்களிக்கலாம். ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது வாக்காளர் பதிவுக் கேள்வியும் கூடவே வரும். படிக்காமல் 'ஆம்' என்று அழுத்திவிடாதீர்கள். குடிமகன் என்று தவறாகச் சொல்லிப் பதிவு செய்தால் பின்னாளில் குடியுரிமை விண்ணப்பமே முறியலாம், நாடு கடத்தலும் வரலாம்.

ஃபேர்ஃபேக்ஸ் வாசகி: ஹாஷ்மி நம் ஊர்ப்பக்கத்துக்காரர் என்கிறார்களே?

ஹைதராபாத்தில் பிறந்தவர். சிறு குழந்தையாக ஜார்ஜியாவுக்கு வந்தார். ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்று, ரிச்மண்டில் சமுதாயக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். 2019இல் செனட்டுக்குப் போட்டியிட்டு, பதவியில் இருந்தவரைத் தோற்கடித்தார். அமெரிக்காவில் மாநிலம் தழுவிய பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் முஸ்லிம் பெண் அவர். எல்லை தாண்டினால் மேரிலாந்து. அங்கே 2022இல் துணை ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அருணா மில்லரும் ஹைதராபாத்தில் பிறந்தவர். அடுத்தடுத்த இரு மாநிலங்களில் இப்படி அமைந்தது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி. ஆனால் இருவரும் வந்த வழி வேறு. மில்லர் ஆளுநர் வேட்பாளர் வெஸ் மூருடன் இணைந்து ஒரே வாக்கில் வென்றார். ஹாஷ்மி தனியாக நின்று, தனி வாக்குக் கேட்டு வென்றார்.

டாலஸ் வாசகர்: நீங்கள் சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். தனித்தேர்தல்தான் சரி. எங்கள் டெக்ஸாஸில் துணை ஆளுநர் தனியாக வெல்வதால்தான் ஆளுநருக்குச் சமமாக நிற்கிறார்.

உங்கள் மாநிலத்தில் அவர் சில விஷயங்களில் ஆளுநரையும் மிஞ்சியவர். 31 உறுப்பினர் செனட்டில் குழுக்களை நியமிப்பதும், எந்த மசோதா எந்தக் குழுவுக்கு என்று தீர்மானிப்பதும் அவரே. மாதச் சம்பளம் 600 டாலர்! ஆனால் அந்த அதிகாரத்தில் பெரும்பகுதி செனட் தானே வகுத்த விதிகளால் வருகிறது. ஆகவே தனித்தேர்தலால் மட்டும் கிடைத்தது என்று சொல்லாதீர்கள். வர்ஜீனியாவிலும் தனித்தேர்தல்தான், அந்த அதிகாரம் இங்கே இல்லை.

சிகாகோ வாசகர்: டாலஸ் நண்பருக்கு எங்கள் இலினாய்ஸ் கதை தெரியாது போலிருக்கிறது. தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்போய் நாங்கள் இரண்டு முறை பட்டோம்.

தெரிய வேண்டிய கதைதான், சொல்லிவிடுகிறேன். 1986இல் ஜனநாயகக் கட்சியின் முதன்மைத் தேர்தலில், அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் தேர்தலில், துணை ஆளுநர் வேட்பாளராக, தீவிரக் கருத்துகளுக்குப் பெயர்போன லிண்டன் லரூஷின் ஆதரவாளர் மார்க் ஃபேர்சைல்டு வென்றுவிட்டார். ஆளுநர் வேட்பாளர் அட்லாய் ஸ்டீவன்சன் அவரோடு நிற்க மறுத்து, கட்சிச் சீட்டையே விட்டுவிட்டு வேறு கட்சியின் பெயரில் நின்று தோற்றார். 2010இல் முதன்மைத் தேர்தலில் வென்ற ஸ்காட் லீ கோஹன், பழைய குற்றச்சாட்டுகள் வெளிவந்ததும் சில நாட்களிலேயே விலகினார். அதன் பிறகுதான் சட்டம் மாறியது.

ஆனால் சிகாகோ நண்பரே, இது தனித்தேர்தலின் குற்றமில்லை. முதன்மைத் தேர்தலில் பிரித்து, நவம்பரில் இருவரையும் ஒரே சீட்டில் கட்டிவைத்தீர்கள். அரைக்கிணறு தாண்டியதன் பலன் அது.

டாலஸ் வாசகர்: அப்படியானால் என் பக்கம்தானே நீங்கள்?

சிகாகோ வாசகர்: ஆளுநர் ஒரு கட்சி, துணை ஆளுநர் எதிர்க்கட்சி என்று வந்தால் ஆட்சி எப்படி நடக்கும்? அதற்கு அவர் பதில் சொல்லட்டும்.

இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில்.

சிகாகோ நண்பரின் அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. 2021இல் ஐடாஹோ ஆளுநர் பிராட் லிட்டில் வெளிமாநிலம் போயிருந்த நேரத்தில், துணை ஆளுநர் ஜானிஸ் மெக்கீச்சின் முகக்கவசக் கட்டாயத்துக்குத் தடை விதித்து ஆணையிட்டார். திரும்பி வந்த ஆளுநர் அதை ரத்து செய்தார். இருவரும் ஒரே கட்சி! கட்சி வேறுபாடு இல்லாமலே இப்படி நடக்கும் என்றால், சண்டைக்குக் காரணம் வேறு: ஆளுநர் எல்லை தாண்டியதும் அதிகாரத்தை மாற்றிவிடும் பழைய விதி.

இன்னொரு பக்கம், துணை ஆளுநர் பதவியே இல்லாததன் விலையையும் பாருங்கள். அரிசோனாவில் 2009இல் ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜேனட் நபோலிடானோ ஒபாமா அமைச்சரவைக்குப் போனதும், மாநிலச் செயலர் ஜான் ப்ரூவர் ஆளுநரானார். அவர் குடியரசுக் கட்சி. மக்கள் ஒரு கட்சிக்குத் தந்த ஆட்சி ஒரே நாளில் இன்னொன்றிடம் போனது. 2022இல் அங்கே மக்கள் வாக்கெடுப்பில் இணைச்சீட்டுத் துணை ஆளுநர் பதவியை, அதாவது ஆளுநரோடு சேர்ந்து ஒரே வாக்கில் வெல்லும் பதவியை, உருவாக்க ஒப்புதல் கிடைத்தது.

என் கருத்து இது: ஆளுநருக்கு மாற்றாக நிற்பது மட்டுமே வேலை என்றால் இணைச்சீட்டு சரி. சட்டமன்ற அவையை நடத்தி, அதன் முடிவையே மாற்றக்கூடிய வாக்கும் வைத்திருப்பவர் ஆளுநர் பொறுக்கியெடுத்த ஆளாக இருக்கக் கூடாது. அவரை மக்கள் தனியே எடைபோட வேண்டும். வர்ஜீனியாவுக்குத் தனித்தேர்தலே நல்லது.

டாலஸ் வாசகர்: எடைபோடுகிறார்களா மக்கள்? பாதிப்பேருக்கு வேட்பாளர் பெயரே தெரியாது.

நியாயமான கேள்வி, என் கவலையும் அதுதான். உங்கள் மாநிலத்து 1998ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுநர் ஜார்ஜ் புஷ் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு வென்றார். துணை ஆளுநர் தேர்தலில் ரிக் பெர்ரி ஜான் ஷார்ப்பை வென்றது இரண்டு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில். 2000 டிசம்பரில் புஷ் அதிபராகக் கிளம்ப, பெர்ரி ஆளுநரானார்; 2015 ஜனவரி வரை அந்த நாற்காலியில் இருந்தார். ஏறக்குறைய 14 ஆண்டு ஆட்சிக்கு அடித்தளம் அந்த இரண்டாவது வரிசையில் விழுந்த வாக்கு. ஆளுநருக்குக் குறியிட்டுவிட்டு அடுத்த வரியை வெறுமையாக விடாதீர்கள்.

ஹெர்ன்டன் வாசகி: எச்-1பி விசாவில் இருப்பவர்கள்...

கூடாது. ஆஷ்பர்ன் வாசகருக்கு மேலே எழுதியதைப் படியுங்கள்.

காரைக்கால் வாசகர்: எங்கள் துணைநிலை ஆளுநரும் இவரும்...

முதல் கேள்வியின் பதிலே உங்களுக்கும்.

நியூஜெர்சி வாசகர்: எங்கள் மாநிலத்தில்?

2009இல்தான் முதல் தேர்தல், இணைச்சீட்டு. 2004இல் ஆளுநர் விலகியபோது செனட் தலைவரே தற்காலிக ஆளுநராகவும் இருக்க நேர்ந்ததன் விளைவு.

சார்லட்ஸ்வில் வாசகர்: இந்தப் பதவி ஆளுநர் நாற்காலிக்குப் படிக்கட்டா?

சிலருக்கு. டக்ளஸ் வைல்டர் 1985இல் துணை ஆளுநராகி, 1989இல் ஆளுநராக வென்றார். அமெரிக்காவில் தேர்தலில் வென்று ஆளுநரான முதல் கறுப்பினத்தவர் அவர். டிம் கெய்னும் நார்தமும் அதே வழியில் போனார்கள். டான் பேயர் 1997இல் தோற்றார். வின்சம் ஏர்ல்-சியர்ஸ் 2025இல் அபிகேல் ஸ்பான்பெர்கரிடம் தோற்றார்.

ரோனோக் வாசகர்: ஹாஷ்மி மறுபடியும் நிற்கலாமா? கிரீன் கார்டு உள்ளவர்கள் பிரசாரமாவது செய்யலாமா?

நிற்கலாம். வர்ஜீனியாவில் ஆளுநர்தான் அடுத்தடுத்து இரு முறை இருக்க முடியாது. துணை ஆளுநருக்கு அந்தத் தடை இல்லை. கிரீன் கார்டு உள்ளவர்கள் பிரசாரம் செய்யலாம், நன்கொடையும் தரலாம். வாக்களிக்க மட்டும் கூடாது.

வாக்குரிமை உள்ளவர்களுக்கு ஒன்று. 2025 ஜூன் முதன்மைத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியில் ஆறு பேர் நின்றார்கள். ஹாஷ்மி 30 சதவீதம்கூட எடுக்கவில்லை. ரிச்மண்டின் முன்னாள் மேயர் லெவார் ஸ்டோனியை ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் முந்தினார். இரண்டாம் சுற்று கிடையாது. நவம்பரில் பத்துப் புள்ளிக்கு மேல் வென்றவரின் உண்மையான போட்டி ஜூனிலேயே முடிந்துவிட்டது. அடுத்த துணை ஆளுநர் தேர்தல் 2029இல். அதற்கு முன் 2027இல் செனட்டின் 40 இடங்களுக்கும் தேர்தல் வருகிறது. அதன் முதன்மைத் தேர்தல் தேதியை இப்போதே குறித்து வையுங்கள்.