கரும்சாம்பல் சுவர் ஏன் நீலமடிக்கிறது?

வீட்டு வண்ணங்கள்: வாசகர் கேள்வி – பதில்

ஹாலில் டிவி சுவருக்கு மட்டும் ஷேட் கார்டு பார்த்துக் கரும்சாம்பல் அடித்தோம். பகலில் பரவாயில்லை, ராத்திரி லைட் போட்டால் நீலமாகத் தெரிகிறது. கடையில் கலர் மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?
– வாசகி, திருச்சி

டப்பாவில் ஒட்டியிருக்கும் ஷேட் நம்பரைக் கார்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் காரணம் உங்கள் டியூப் லைட்தான். சாம்பல் என்று விற்கும் ஷேடுகள் பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையும் மட்டும் சேர்ந்தவை அல்ல. நீலம், பச்சை, ஊதா, பழுப்பு என்று ஏதோ ஒன்று அடியில் ஓடும். பளீர் வெள்ளை எல்இடி டியூப்கள் பெரும்பாலும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்). அந்த வெளிச்சத்திலேயே நீலம் தூக்கல். அடியில் கொஞ்சம் நீலம் ஓடினாலும் போதும், அதை அப்படியே மேலே இழுத்துவிடும்.

மறுபடி பெயின்டுக்குச் செலவழிக்காதீர்கள். 4000 கெல்வின் பல்பு ஒன்று, 3000 கெல்வின் பல்பு ஒன்று வாங்கி, அதே ஹாலில் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். பல நேரம் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும்.

புதிதாக நிறம் தேடுகிறவர்கள் கார்டைத் தனியாகப் பார்க்கவே கூடாது. ஏ4 வெள்ளைத்தாளின் மேல் நாலைந்து கரும்சாம்பல்களை அருகருகே வையுங்கள். கடையில் ஒரே மாதிரி இருந்தவற்றில் ஒன்று நீலமாக, இன்னொன்று பாசி நிறமாக, மற்றொன்று கத்தரிப்பூ சாயலாகப் பிரிந்து நிற்கும். பிடித்த இரண்டை 2 அடிச் சதுர பிளைவுட் துண்டுகளில் 2 கோட் அடித்துக் காயவிட்டு, அந்தச் சுவரிலேயே சாய்த்து வையுங்கள். காலை, பிற்பகல், ராத்திரி லைட் என்று மூன்று வேளையும் பார்த்த பிறகு முடிவெடுங்கள். மேற்கு வெயில் விழும் அறையில் மாலை 4 மணிக்குத் தெரியும் நிறம் காலையில் கண்டதாக இருக்காது.

தேக்குக் கதவு, க்ரீம் நிற டைல்ஸ். படுக்கையறையில் ஒரு சுவர் மட்டும் அடர்நிறம் வேண்டும். எது பொருந்தும்? மற்ற சுவர்களுக்கு வெள்ளை போதுமா?
– வாசகர், தஞ்சாவூர்

கதவையும் தரையையும் மாற்றப் போவதில்லை. ஆகவே அவை சொல்வதைத்தான் சுவர் கேட்க வேண்டும். தேக்கும் க்ரீமும் மஞ்சள் பக்கம் சாய்ந்தவை. நீலம் ஓடும் சாம்பலை அருகில் வைத்தால், கழுவின டைல்ஸ்கூட அழுக்காகத் தெரியும். பழுப்போ பச்சையோ ஓடும் கரும்சாம்பலை எடுங்கள். இரண்டில் எங்கள் ஓட்டு பச்சை ஓடுவதற்கே. தேக்கின் செம்மை அதன் பக்கத்தில் நன்றாக எடுபடும்.

மற்ற சுவர்களுக்கும் சீலிங்குக்கும் பளீர் வெள்ளை வேண்டாம், மெல்லிய க்ரீம் கலந்த ஆஃப் ஒயிட் போதும். சில நிறுவனங்கள் ஷேடுக்கு எல்ஆர்வி எண் தருகின்றன. வெளிச்சத்தை எவ்வளவு திருப்பித் தரும் என்பதற்கு 0 முதல் 100 வரையிலான அளவு அது. அடர்சுவர் 10ஐ ஒட்டி இருந்தால், மற்றவை 70க்கு மேல் இருக்கட்டும். இல்லாவிட்டால் அறை மூடிப்போகும்.

கட்டிலின் தலைமாட்டுச் சுவர்தான் இதற்குச் சரி. ஜன்னல் உள்ள சுவரை விட்டுவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்க, சுற்றியுள்ள சுவர் வெறும் கறுப்பாகத்தான் தெரியும்.

12 அடிக்கு 10 அடி சுவர். எத்தனை லிட்டர் வேண்டும்? பக்கத்து வீட்டில் அடர்நிறம் திட்டுத்திட்டாக இருக்கிறதே?
– வாசகி, மதுரை

மொத்தம் 120 சதுர அடி. வழவழப்பாகப் பட்டி பார்த்த சுவரில் நல்ல எமல்ஷன் 1 லிட்டர், 2 கோட்டுக்கு ஏறக்குறைய 120 சதுர அடி வரும். அடர்நிறத்துக்கு 3 கோட் கணக்கு வையுங்கள். ஆக ஒன்றரை லிட்டர். 2 லிட்டராக ஒரே தடவையில் வாங்கி, ஒரே வாளியில் கலந்துகொள்ளுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்து வாங்கினால் நிறம் மயிரிழை மாறும், அடர்சுவரில் அது தெரியும்.

திட்டு விழப் பல காரணங்கள். தேய்த்த பட்டியின் மேல் பிரைமர் இல்லாமல் அடித்தால் சுவர் ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் உறிஞ்சும். ஆகவே பிரைமர் கட்டாயம், அதிலும் சாம்பல் டிண்ட் சேர்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு டம்ளர்கூட வேண்டாம். மூலைகளில் பிரஷ் போட்டது காய்வதற்குள் ரோலர் வந்து சேர வேண்டும். காய்ந்தபின் சேர்ந்தால் ஓரம் படச்சட்டம் மாதிரி நிற்கும். ஒரு சுவரை நடுவில் நிறுத்தி டீ குடிக்கப் போவது கூடாது. கோட்டுக்கு இடையே 4 மணி நேரமாவது விடுங்கள்.

பட்டி தேய்த்ததும் ராத்திரி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மேடு பள்ளம் எல்லாம் தெரியும், அவற்றை அப்போதே உப்புத்தாளால் சரிசெய்யுங்கள். பளபளக்கும் ஃபினிஷ் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். பளபளப்பே இல்லாத மேட் ஃபினிஷில் கை உரசினால் தழும்பு விழும். லேசான மினுமினுப்புள்ள ஃபினிஷ் நடுவாந்தரம். பின்னாளில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் டச்சப் செய்யாமல் மூலையிலிருந்து மூலைவரை அந்தச் சுவர் முழுவதும் ஒரு கோட் அடியுங்கள்.

பாத்ரூமை ஒட்டிய சுவரில் அடிக்கலாமா? கீழே கொஞ்சம் உப்புப் பூக்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

இப்போது வேண்டாம். வெள்ளைச் சுவரில் கண்ணில் படாத உப்பு, கரும்சாம்பலில் சுண்ணாம்பு தெளித்ததுபோல் தெரியும். முதலில் குழாய்க் கசிவையும் டைல்ஸ் இடுக்குகளையும் அடையுங்கள். உதிரும் பூச்சைச் செங்கல்வரை கொத்திப் புதிதாகப் பூசி, 28 நாள் விட்டு, ஒரு மழைக்காலம் கழிந்தும் உப்பு வராவிட்டால் அடியுங்கள்.